நடுவில் வெட்டிய சதுரம்

குரு, சீடன் என்றதும் தாடியையும் காவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கோயம்புத்தூரில், பீளமேட்டில், ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேலே உள்ள மாடியில் ஆரம்பித்தது. குருவின் பெயர் சுகந்தி, வயது நாற்பத்தொன்று. சீடனின் பெயர் தண்டபாணி, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரு சீடனை 'அண்ணா' என்பார். சீடன் குருவை 'மேடம்' என்பார். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

மேடத்தின் தொழில் திரைகளை வடிவமைப்பது. பணம் எடுக்கும் இயந்திரம், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெட்டி, கரண்ட் பில் கட்டும் ஆப் என்று மனிதர்கள் விரல் வைக்கிற எந்தத் திரையானாலும் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வார். தண்டபாணி இங்கே வருவதற்கு முன் மில் இயந்திரங்களுக்குப் பட்டன் போர்டு செய்துகொண்டிருந்தவர். கம்பெனி அந்தப் பிரிவையே மூடியதும், வீட்டில் சும்மா உட்காராமல் இங்கே படிக்க வந்துவிட்டார்.

முதல் நாள் புத்தம்புது டேப்லெட்டும் அதற்கான பேனாவுமாக வந்து நின்றார். மேடம் அதை வாங்கி மேசை ஓரமாக வைத்துவிட்டு, கோடு போடாத நோட்டு ஒன்றையும் பென்சிலையும் கொடுத்தார்.

"எதுக்குங்க மேடம்? இதுலயே வரையலாமுங்களே."

"அதுல வரைஞ்சா மொதல்லயே அழகா வந்துரும்ணா."

"அழகா வந்தா நல்லதுதானுங்களே?"

"அப்புறம் அழிக்க மனசு வராது."

தண்டபாணி நோட்டை எடுத்துக்கொண்டார். வந்த கையோடு கேட்டுவிடுவோம் என்று, மனசில் இருந்த கேள்வியையும் கேட்டார்.

"நல்ல டிசைன்னா என்னங்க மேடம்?"

"கீழ டீ சொல்லுங்கண்ணா" என்றார் மேடம்.

இதில் ஏதோ உட்பொருள் இருக்கிறது என்று நம்பி மனிதர் அன்று முழுக்க யோசித்தார். டீ வந்தது. பதில் வரவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் திரையும் கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன் காகிதத்தில் வர வேண்டும். பட்டன்களைக் கத்தரித்து, மேசைமேல் பரப்பி, ஒருவர் 'மெஷினாக' உட்கார வேண்டும். வெளியாள் ஒருவரைக் கூட்டி வந்து எதிரே உட்கார வைப்பார்கள். அவர் காகிதத்தை விரலால் தொட்டால், மெஷின் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கும். மெஷின் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. அவ்வளவுதான் விதி.

தண்டபாணி மெஷினாக உட்கார்ந்த முதல் தடவை, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த ஒரு அம்மாளைக் கீழிருந்து அழைத்து வந்தார்கள். கரண்ட் பில் கட்டும் திரை. அந்த அம்மாளின் விரல் இரண்டு பட்டன்களுக்கு நடுவே தயங்கியது. தண்டபாணியின் கை சட்டென்று அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், இவர் கை போன பக்கமே விரலை வைத்தார். எல்லாம் சரியாக முடிந்தது, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மேடம் எல்லாக் காகிதத்தையும் வாரி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"மெஷின் எப்ப நகரணும்ணா?"

"அவங்க தொட்டப்புறமுங்க."

"நீங்க எப்ப நகர்ந்தீங்க?"

"அவங்க எதைத் தொடப் போறாங்கன்னு தெரிஞ்சுதுங்க மேடம்."

"தெரிஞ்சுதா, நெனச்சீங்களா?"

தண்டபாணி குப்பைக் கூடையைப் பார்த்தார். மறுபடி எல்லாவற்றையும் வரைந்து, மறுபடி கத்தரித்தார்.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடத்தின் பேச்சு ஒரு மாதிரி குழற ஆரம்பித்தது. அசதி என்றார்கள். பிறகு கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. சத்துக் குறைவு என்றார்கள். கடைசியில் ஒரு நரம்பு டாக்டர் உள்ளதைச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. அறிவு அப்படியே இருக்கும். கண்ணும் அநேகமாக இருக்கும்.

பேச்சு பாதியாவது புரிந்த நாட்களிலேயே மேடம் ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டார். தண்டபாணியைக் கூப்பிட்டு, கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் பலகை ஒன்று வாங்கி வரச் சொன்னார். உயிர் எழுத்துகள் மேலே ஒரு வரிசை. மெய் எழுத்துகள் இரண்டு பக்கமும், ஒன்றுக்கொன்று இடம் விட்டு. கீழ் மூலையில் புள்ளிக்கென்று ஒரு பெரிய கறுப்பு வட்டம். ஒருவர் பலகையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். எதிரே இருப்பவர் முதலில் ஒரு மெய்யைப் பார்ப்பார், அடுத்து ஒரு உயிரைப் பார்ப்பார்; மெய் மட்டும் போதும் என்றால் அந்த வட்டத்தைப் பார்ப்பார். பிடித்திருப்பவர் அந்தப் பார்வை போகும் இடத்தை வைத்து எழுத்தைப் படித்துச் சொல்வார். கண் மேலே உயர்ந்தால் ஆமாம். கண் மூடினால் இல்லை.

எல்லாம் ஒட்டி முடித்த பிறகு, பலகையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டச் சொன்னார்.

"இதுவே கண்ணாடி மாதிரி தெரியுதுங்களே மேடம். எதுக்கு வெட்டறது?"

"வெட்...டுங்...கண்ணா."

வெட்டினார். விளிம்பு குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் கொடுத்தார். ஆனால் எந்த இடத்தையும் வீணாக்காமல் பட்டன் போர்டு செய்து பழகிய கைக்கு, நடுவில் அவ்வளவு இடம் சும்மா கிடப்பது பொறுக்கவே இல்லை.

நாக்கு முழுதாக நின்றபின் கொஞ்ச நாள் அந்தப் பலகைதான் பேச்சு. அது மெதுவான பேச்சு. "ஒரு தண்ணி கேக்கறதுக்குள்ள தாகமே போயிருதுண்ணா" என்று மேடத்தின் கணவர் ஜெயச்சந்திரன் ஒரு நாள் கண்கலங்கச் சொன்னார். அன்றைக்குத் தண்டபாணி ஒரு முடிவுக்கு வந்தார். இத்தனை கற்றுக்கொண்டு குருவுக்கு ஒரு திரை செய்து கொடுக்காவிட்டால் அப்புறம் என்ன சீடன்?

மாதக்கணக்கில் உழைத்தார். தெரிந்த பையன்கள், தெரியாத பையன்கள் என்று எல்லோரையும் நச்சரித்தார். கண் போகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் காமிரா வாங்கித் திரையில் பொருத்தினார். மேடம் நடத்திய வகுப்புகளின் பதிவுகளிலிருந்து அவர் குரலையே எடுத்து உள்ளே வைத்தார். பத்து வருஷமாக மேடம் எழுதிய மெயில்கள், மாணவர்களுக்குச் சொன்ன குறிப்புகள், அத்தனையையும் அதற்குப் படிக்கக் கொடுத்தார். இனி மேடம் ஒரு எழுத்தைப் பார்த்தால் போதும். அவர் எந்த வார்த்தை சொல்வார் என்று திரை தானே ஊகித்து மூன்று பெட்டிகளில் காட்டும். ஒரு பெட்டிமேல் கண் கொஞ்சம் நின்றால், அதைப் பேசிவிடும். எதிரே இருப்பது தண்டபாணி என்றால் கடைசியில் 'அண்ணா' என்றும் அதுவே சேர்த்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டையும் அவரே செய்து வைத்திருந்தார்.

கட்டிலுக்கு எதிரே அதைப் பொருத்திய காலையில் வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மேடத்தின் கண் திரையில் அங்குமிங்கும் போனது.

"காபி சூடா இருக்கா?" என்றது சுகந்தியின் குரல்.

ஜெயச்சந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்டபாணிக்கு உடம்பு சிலிர்த்தது. போன குரல் திரும்பி வந்து காபி கேட்கிறது. தன் கையால் இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வாஸ்தவத்தில், அது அதிசயம்தான். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

பலகை அலமாரிக்குப் பின்னால் போனது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லி வியந்தார்கள். ஆறுதல் சொல்ல வருவார்கள், கட்டிலைப் பார்த்ததும் அழுவார்கள். உடனே திரை பேசும்: "பயப்படாதீங்க." எல்லோருக்கும் அதுதான். "என்ன தைரியம் பாருங்க இந்தப் பொண்ணுக்கு! நமக்கு ஆறுதல் சொல்லுது" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே படியிறங்கிப் போவார்கள்.

மூச்சு பலவீனமானபோது டாக்டர் ஒரு விஷயத்தை எடுத்தார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மூச்சுக்கு இயந்திரம் பொருத்தலாம். ஒரு தடவை வைத்தால் அநேகமாக அதோடுதான் வாழ வேண்டியிருக்கும். வேண்டாம் என்றாலும் அது அவர் உரிமை. அவசரம் வருவதற்கு முன்னாலேயே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

ஜெயச்சந்திரன் கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டார். "சுகந்தி, பண்ணிக்கலாமா?"

கண் திரைக்குப் போனது. கொஞ்ச நேரம் அலைந்தது.

"சரி, பண்ணிடலாம்" என்றது குரல்.

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். திங்கட்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதிலிருந்து ஒரு வினோதம் நடந்தது. திரையை எதிரே கொண்டுவந்தாலே மேடம் கண்ணை மூடிக்கொண்டார். விலக்கினால் திறந்தார். காமிரா பழுதாகியிருக்கும் என்று ஜெயச்சந்திரன் போன் செய்தார். சனிக்கிழமை காலை தண்டபாணி பையில் கருவிகளோடு வந்து சேர்ந்தார்.

லென்ஸைத் துடைத்தார். ஒயர்களைப் பார்த்தார். தானே எதிரே உட்கார்ந்து பார்த்தார். திரை நன்றாகவே வேலை செய்தது. மேடத்தின் எதிரே வைத்தார். கண் மூடியது.

"ஒளி உறுத்துதுங்களா மேடம்? குறைக்கட்டுங்களா?"

கண் திறக்கவில்லை. திரையைப் பக்கவாட்டில் தள்ளினார். கண் திறந்தது. ஆனால் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டி எங்கோ போய் நின்றது. தண்டபாணி திரும்பிப் பார்த்தார். சுவர், காலண்டர், அலமாரி. மறுபடி மேடத்தைப் பார்த்தார். கண் அதே இடத்தில் நின்றது. எழுந்து அந்தத் திசையில் நடந்தார். அலமாரிக்குப் பின்னால் அக்ரிலிக்கின் விளிம்பு ஒரு விரலளவு நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுங்களா?"

கண் மேலே உயர்ந்தது.

தண்டபாணிக்கு முகம் சுருங்கிவிட்டது. மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு ஓரமாக நிற்க, அரை நாளில் ஒட்டிய பலகை வேண்டுமாம். இருந்தாலும் தூசியைத் துடைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், பலகையை முகத்துக்கு நேரே தூக்கினார்.

கண் பக்கவாட்டில் போனது. மேலே போனது.

"ப" என்றார். ஆமாம்.

"ய." ஆமாம்.

"பயப்படாதீங்க! அதானுங்களே? நான் பயப்படலீங்க மேடம், நீங்க..."

கண் மூடியது. திறந்தது. மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தது. ப. ய.

"பயன்படுத்த முடியலைங்களா? ஸ்க்ரீனைப் பயன்படுத்தக் கஷ்டமா இருக்குதா?"

கண் மூடியது. இந்தத் தடவை சீக்கிரம் திறக்கவில்லை. மூடிய இமைக்குக் கீழே விழி அசைவது தெரிந்தது. கோபம் வந்தால் மேசையைத் தட்டுவதற்குக்கூட ஒரு விரல் இல்லாத மனுஷி இப்படித்தான் கோபப்பட முடியும் என்று அவருக்கு உறைத்தது. எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்த ஸ்கேன் சென்டர் அம்மாள் ஞாபகத்துக்கு வந்தார். நடுவில் தயங்கிய விரல். முந்திக்கொண்ட கை. குப்பைக் கூடைக்குப் போன காகிதங்கள்.

தெரிஞ்சுதா, நெனச்சீங்களா?

தண்டபாணி பலகையை நேராக்கினார். வாயை மூடிக்கொண்டார். மெஷினாக உட்கார்ந்தார்.

கண் திறந்தது. பலகையின் மற்ற இடமெல்லாம் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்துக்கொண்டிருந்தது. நடுவில் வெட்டிய சதுரத்தில் மட்டும் எந்தப் பளபளப்பும் இல்லை. அதற்குள் மேடத்தின் இரண்டு கண்கள், நேருக்கு நேராக, அவரையே பார்த்தன. இத்தனை வருஷத்தில் தன் குருவை இவ்வளவு பக்கத்தில் வைத்து அவர் பார்த்ததே இல்லை.

கண் கிளம்பியது. பக்கவாட்டுக்குப் போய் ஒரு எழுத்தைத் தொட்டது, மேலே போய் இன்னொன்றைத் தொட்டது, திரும்பச் சதுரத்துக்கு வந்து அவரைப் பார்த்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் அப்படித் திரும்பி வந்தது. கிடைத்ததா என்று கேட்பது போல வந்தது. கிடைத்த எழுத்தை மட்டும் இவர் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனது.

ப. ய. மா.

அடுத்த வார்த்தை தண்டபாணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினார். அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

இ. ரு. க. கண் கீழ் மூலைக்கு இறங்கிக் கறுப்பு வட்டத்தைத் தொட்டது. க். கு.

பயமா இருக்கு.

அவ்வளவுதான். கண் சதுரத்துக்கு வந்து நின்றது. நிறைந்து ஒழுக ஆரம்பித்தது. தண்டபாணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பலகையை இறக்கிவிட்டு, தலையணை ஓரம் கிடந்த துண்டால் மெல்லத் துடைத்துவிட்டார், திரும்பவும் பலகையைத் தூக்கிப் பிடித்தார். ஒரு மனுஷி உள்ளே எங்கோ அடியாழத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சுமந்து கொண்டுவந்து தன்னிடம் சேர்த்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க அவர் பலகையை இன்னும் நிமிர்த்திப் பிடித்தார். அவர் கோயிலில்கூட அப்படி இருந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓரமாக நின்ற திரையைத் திரும்பிப் பார்த்தார்.

பயமா இருக்கு என்று மேடம் யாருக்கும் ஒரு மெயிலிலும் எழுதியதில்லை. எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. 'பயப்படாதீங்க' என்பதுதான் மாணவர்களுக்கு அவர் எப்போதும் சொல்வது. மேடம் எத்தனையோ தடவை முதல் எழுத்தைப் பார்த்திருப்பார். உடனே திரை அந்தப் பெட்டியைக் காட்டியிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவாவது கண் அங்கே போயிருக்கும். போன கண்ணைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரை பேசியிருக்கும். அழிக்கும் பட்டனைத் தேடுவதற்குள் எதிரே இருப்பவர் அழுது, வியந்து, படியிறங்கிப் போயிருப்பார்.

சரி, பண்ணிடலாம். அது கஸ்டமர்களுக்கு எழுதும் எல்லா மெயிலுக்கும் மேடம் போடும் கடைசி வரி. அதைத் திரைக்குக் கற்றுக்கொடுத்தது தண்டபாணியேதான்.

ஹாலுக்குப் போய் ஜெயச்சந்திரனிடம் சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அவ சரின்னாளேண்ணா. என் காதால கேட்டனே. அது அவ கொரலு."

"கொரல் அவங்களுதுதானுங்க. வார்த்தை கஸ்டமருக்கு எழுதுனதுங்க. தப்பு என்மேலதான்."

ஜெயச்சந்திரன் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப திங்கக்கெழம?"

"எனக்குத் தெரியாதுங்க. அவங்களைத்தான் கேக்கணும்."

"அந்தப் பலகைய எனக்குச் சரியாப் படிக்க வராதுண்ணா. எப்பவும் தப்பாவே சொல்லீருவேன்."

"அது மெதுவா வருமுங்க. முழுசா வந்து சேர்ற வரைக்கும் நீங்க பொறுத்திருந்தாப் போதும்."

ஜெயச்சந்திரன் பலகையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்டபாணி பால்கனியில் நின்றார். கீழே காய்கறி வண்டிக்காரன் விலையைக் கூவிக்கொண்டு போனான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒற்றை ஒற்றை எழுத்தாக ஜெயச்சந்திரனின் குரல் கேட்டது. நடுவில் நின்றது. அழுகை கேட்டது. மறுபடி எழுத்துகள் வந்தன. என்ன வார்த்தை என்று கூட்டிப் பார்க்கத் தண்டபாணி முயலவில்லை. வேண்டுமென்றே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு கதவு திறந்தது. ஜெயச்சந்திரனின் முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் தெளிவாக இருந்தது.

"பண்ணிக்கறாளாம்" என்றார்.

தண்டபாணி பால்கனியிலிருந்து உள்ளே வந்தார்.

"ரொம்பப் பயமா இருக்காம். இருந்தாலும் பண்ணிக்கறாளாம். இன்னும் பாக்க வேண்டியது இருக்காம். ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள போற வரைக்கும் ஒருத்தரும் அவகிட்ட 'பயப்படாதே'ன்னு சொல்லக் கூடாதாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "மொதல்ல எனக்குத்தாண்ணா அந்த உத்தரவு."

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தண்டபாணிக்கு ஒரே குழப்பம். திரை சொன்னதும் சம்மதம். பலகையில் வந்ததும் சம்மதம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? எதுவோ மாறியிருக்கிறது. அது ஜெயச்சந்திரனின் முகத்தில் தெரிந்தது. ஆனால் அதை எதில் வைத்து வரைவது என்று அவருக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். திரையை முதலில் எடுத்தார். ஊகித்துக் காட்டும் மூன்று பெட்டிகளையும் நீக்கினார். பேசுவதற்கு முன் மேடம் கண்ணை உயர்த்தும் வரை காத்திருக்கும்படி மாற்றினார். தானே சேர்த்துக்கொள்ளும் 'அண்ணா'வையும் எடுத்துவிட்டார்.

"இதை வெச்சுக்கலாமுங்களா மேடம், இல்ல கொண்டுபோயிரட்டுங்களா?"

பலகை வழியாக ஒரே வார்த்தை வந்தது. "இருக்கட்டும்."

அது அவருக்குப் பெரிய நிம்மதி. அடுத்து, ஆஸ்பத்திரிக்கென்று அளவெடுத்துச் செய்த புதுப் பலகையை வெளியே எடுத்தார். எழுத்துகள் இன்னும் பெரிது. பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. நடுவில் அதே சதுரத்தையும் வெட்டி வைத்திருந்தார். ஆனாலும் பட்டன் போர்டுக்காரர் உள்ளே இருந்துகொண்டு அரித்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேனுங்க. அங்க நர்ஸுங்களுக்கு இத்தனை பொறுமை இருக்காதுங்க. வலி, தண்ணி, மூச்சு, இந்த மாதிரி அவசர வார்த்தை நாலு எழுதி, நடுவுல சும்மா கெடக்கற எடத்துல ஒட்டிடட்டுங்களா?"

கண் மூடியது.

"ஓரத்துல வேணும்னா?"

கண் உயர்ந்தது. ஓரத்தில் வைக்கலாம்.

"நடுவுல மட்டும் வேண்டாமுங்களா?"

கண் உயர்ந்தது.

"அப்ப அந்த எடத்துல எதைத்தானுங்க வைக்கறது?"

கேட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினார். சதுரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்களும் அவருக்காகக் காத்திருந்தன. அவை கிளம்பின. போய்ப் போய்த் திரும்பி வந்தன. தண்டபாணி எதையும் முந்தவில்லை. எழுத்து எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டே வந்தார். கடைசி எழுத்து வந்த பிறகுதான் மொத்தத்தையும் வாய்விட்டுப் படித்தார்.

"அங்கதான் நீங்க இருக்கீங்க."

கண் உயர்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேடத்தின் இமைகள் களைத்துத் தாழத் தொடங்கியிருந்தன. ஜெயச்சந்திரன்கூடப் போதும் என்பது போலக் கையைக் காட்டினார். ஆனால் அந்தக் கண்கள் மறுபடி கிளம்பி, மேல் வரிசையின் முதல் எழுத்துக்குப் போய் நின்றன. இனி என்ன வரப்போகிறது என்று தண்டபாணிக்குத் தெரிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்காமல், பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அ. ண். ணா.